வட்டில் ஐந்து, வடிவம் ஒன்று

பாஞ்சராத்திர முறையில் வழிபாடு நடக்கும் பெருமாள் கோயில்களில் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் பேர்போனது. அந்த முறையில் திருவாராதனம் தொடங்கும்போது ஒரு தட்டில் ஐந்து வட்டில்களை நீர் நிரப்பி வைப்பார்கள். தென்கிழக்கு மூலையில் இருப்பது அர்க்கியம், பெருமாளின் திருக்கரங்களுக்கு. தென்மேற்கில் இருப்பது பாத்தியம், திருவடிகளுக்கு. வடமேற்கில் வாய் கொப்பளிக்க ஆசமனீயம், வடகிழக்கில் நீராட்ட ஸ்நானீயம். நடுவில் இருப்பது எல்லாவற்றுக்கும் பொதுவான தீர்த்தம். உத்தரணி என்னும் சிறு கரண்டியால் ஒன்றிலிருந்து எடுத்துச் சமர்ப்பித்து, அடுத்ததற்குப் போகுமுன் நடு வட்டில் நீரால் உத்தரணியைக் கழுவிக்கொள்வார்கள். ஐந்திலும் இருப்பது ஏலமும் பச்சைக் கர்ப்பூரமும் கலந்த தண்ணீர்தான். வட்டில்களோ பெரும்பாலும் ஒரே அளவு, ஒரே விளிம்பு, ஒரே கைவேலை.

இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து ஒரு வெள்ளிக் கடையிலோ அருங்காட்சியகத்திலோ வைத்தால், “சிறிய வெள்ளிக் கிண்ணம்” என்பதற்கு மேல் எவராலும் எதுவும் சொல்ல முடியாது. வடிவம் அதற்கு மேல் பேசாது. அது பாத்திய வட்டில் என்பதை அது நின்ற மூலைதான் சொல்லும். பக்கத்து நான்கு வட்டில்கள்தான் சொல்லும். பழைய வெள்ளிச் சாமான் ஒன்று எதற்குப் பயன்பட்டது என்று கண்டறியும் வேலையில், காஞ்சிபுரம் போன்ற ஊரில், பாத்திரத்தைவிடப் பாத்திரம் இருந்த வரிசையைத் தேடுவதே சரியான வழி என்பது என் கருத்து. இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்துவருபவர்கள் ஐரோப்பிய வெள்ளியைச் சேகரிப்பவர்கள். அவர்களில் ரஷ்ய வெள்ளியைத் தேடுபவர்களுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. ஆகவே முதலில் அங்கே போய்விட்டு வரலாம்.

சார் மன்னர் காலத்து ரஷ்யாவில் வெள்ளிச் சாமான் அரசு முத்திரையோடுதான் விற்பனைக்கு வரவேண்டும். கரண்டிக் காம்பின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 84 என்ற எண் இருக்கும். அது அவர்களுடைய ஸோலோட்னிக் கணக்கு. 96 பங்கில் 84 பங்கு வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு 875. அதன் பக்கத்தில் நகரத்தின் சின்னம், சோதித்த அதிகாரியின் பெயரெழுத்து, செய்தவரின் முத்திரை. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் நகரச் சின்னம் போய், கோகோஷ்னிக் என்னும் தலையணி சூடிய பெண்ணின் பக்கவாட்டு முகம் வந்தது. அந்த முகம் இடப்புறம் பார்த்தால் 1908க்கு முந்தையது, வலப்புறம் பார்த்தால் பிந்தையது. விரல் நீளக் கரண்டி ஒன்று, தான் பிறந்த ஊரையும் காலத்தையும் இப்படிச் சொல்லிவிடும். புரட்சிக்குப் பிறகு எண் 875 என்று மாறியது. வெள்ளியின் தரம் அதேதான்.

இத்தனையும் சொல்லும் முத்திரை, அந்தக் கரண்டியால் எதைப் பரிமாறினார்கள் என்பதை மட்டும் சொல்லாது. அதற்கு மேசைக்குப் போகவேண்டும். 1810ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிசில் ரஷ்யத் தூதராக இருந்த குராக்கின் இளவரசர்தான் ‘ரஷ்யப் பரிமாறல்’ என்ற முறையை அங்கே அறிமுகப்படுத்தியவர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. அதற்கு முன் பிரெஞ்சு விருந்தில் எல்லாப் பதார்த்தங்களையும் மேசை நிறையப் பரப்பிவிடுவார்கள்; எட்டியதை எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். ரஷ்ய முறையில் ஒன்று முடிந்து அடுத்தது வரும், பணியாள் கொண்டுவந்து பரிமாறுவார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஐரோப்பா முழுவதும் இந்த முறைக்கு மாறிவிட்டது. வெள்ளிப் பட்டறைகளும் பதார்த்தத்துக்கு ஒரு கருவி என்று அடித்துத் தள்ளின. மீனுக்கு ஓட்டையிட்ட தட்டையான அகலக் கரண்டி, சர்க்கரைக் கட்டிக்கு இடுக்கி, எலுமிச்சைத் துண்டுக்குச் சிறு முள்கரண்டி, எலும்புக்குள்ளிருக்கும் மச்சையை எடுக்க நீளக் குழிவுக் கோல். உப்பும் முட்டையும் வெள்ளியைக் கெடுப்பதால் அவற்றுக்கான கரண்டியின் குழிக்கு மட்டும் தங்கப் பூச்சு. ஆகவே குழியில் மட்டும் பொன்னிறம் தெரிந்தால் சேகரிப்பவர் முதலில் உப்பையும் முட்டையையும் நினைத்துக்கொள்வார். பொருளின் உடலே தடயமாவது இப்படித்தான்.

ரஷ்யர்களிடமும் ஏமாற்றும் பாத்திரங்கள் உண்டு. கோவ்ஷ் என்பது படகு வடிவில் ஒரு பக்கம் கைப்பிடி வைத்த பாத்திரம். முதலில் அது மதுவை முகக்கவும் குடிக்கவும் பயன்பட்டது. பிற்பாடு கொசாக் தலைவர்களுக்கு மன்னர் கொடுக்கும் வெகுமதியானது; அதில் யாரும் குடிக்கவில்லை. கடைசியில் அலமாரி அலங்காரமானது. மூன்று காலத்திலும் வடிவம் ஏறத்தாழ ஒன்றே. வடிவத்தை மட்டும் பார்ப்பவர் மூன்றையும் ‘மதுக் கரண்டி’ என்று எழுதிவைப்பார்.

காஞ்சிபுரத்து வீடுகளில் சார் காலத்துக் கரண்டியைத் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டு வீடு ஒன்றில் ரஷ்யக் கரண்டி இருந்தால் அது சோவியத் காலத்தது என்று தொடங்குவதே புத்திசாலித்தனம். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்து 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்தத் தலைமுறை இஞ்சினியர்களும், அங்கே படிக்கப்போன மாணவர்களும் கொண்டுவந்தவற்றில் ஆறு தேநீர்க் கரண்டிகள் கொண்ட பெட்டியும், கண்ணாடி டம்ளரைச் செருகி வைக்கும் கைப்பிடிக் கூடும் இருக்கக்கூடும். அந்தக் கூட்டுக்கு ‘பொட்ஸ்தகான்னிக்’ என்று பெயர். ரயிலில் சுடச்சுடத் தேநீர் தரும்போது கை சுடாமலிருக்கவும் கண்ணாடி சாயாமலிருக்கவும் செய்தது; கோல்ச்சுகினோ ஆலை அதற்குப் புகழ்பெற்றது. டம்ளர் உடைந்துபோனபின் அது பேனாக் கூடாகிவிடும். பெரும்பாலானவை வெள்ளியும் அல்ல; செம்பும் நிக்கலும் சேர்ந்த கலவைக்கு மேல் வெள்ளி முலாம். நம் கடைக்காரர் உரைகல்லில் உரசிப் பார்த்து “ஜெர்மன் சில்வர்” என்று திருப்பித் தந்துவிடுவார்.

இனி நம் பக்கம். நம்மூர் விருந்தில் வெள்ளிக்கு இடம் குறைவு. சாப்பிடுவது இலையில், கையால். பரிமாறுபவர் கையில் இருப்பது பித்தளை வாளியும் கரண்டியும், இப்போது எவர்சில்வர். வெள்ளி வந்தால் நெய்க்கிண்ணத்திலும் அதன் சிறு கரண்டியிலும் வரும், சந்தனக் கிண்ணத்தில் வரும், பன்னீர்ச் செம்பில் வரும். அதாவது நெய்யைத் தவிர்த்தால் பந்திக்கு முன்னும் பின்னும் வரும், பந்தியில் வராது. வரதர் கோயிலின் பெயர்போன இட்லிக்கோ உலோகமே வேண்டாம். மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்ந்த மாவை, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஊற்றித்தான் வேகவைக்கிறார்கள். ஆகவே பதார்த்தத்துக்கு ஒரு கருவி என்ற ஐரோப்பியக் கணக்கை வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்துப் பழைய வெள்ளியை அணுகினால் ஒன்றும் கிடைக்காது. ஒரு வேலைக்கு ஒரு கருவி என்று இங்கே நுணுக்கமாகப் பிரித்தவர்கள் சமையற்காரர்கள் அல்லர், சந்நிதியில் உபசாரம் செய்தவர்கள். கை கழுவ ஒரு நீர், கால் கழுவ ஒரு நீர். சமர்ப்பித்த நீரை வாங்கிக்கொள்ளவும் தனியாக ஒரு பாத்திரம்.

அந்த வாங்கிக்கொள்ளும் பாத்திரத்துக்குப் படிக்கம் என்று பெயர். அகன்ற வாய், ஒடுங்கிய கழுத்து, பருத்த அடி. இதே பெயரில், ஏறத்தாழ இதே வடிவில், வெற்றிலை போடும் வீடுகளிலும் ஒன்று இருந்தது. அது எச்சில் துப்ப. வீட்டுப் படிக்கத்தை மட்டும் அறிந்தவர் கோயில் படிக்கத்தைப் பார்த்தால் எச்சிற்படிக்கம் என்றே எழுதுவார். பெருமாளின் ஆராதனத் தீர்த்தம் விழுந்த பாத்திரத்துக்கு இதைவிடக் கொடுமையான சீட்டு கிடையாது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உட்புறம். தாம்பூலச் சாறும் சுண்ணாம்பும் வருஷக்கணக்கில் விழுந்த படிக்கத்தில், கழுத்தும் வயிறும் சேருமிடத்தில், எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை தங்கியிருக்கும். இன்னொரு வழி கூட இருந்த பொருள்கள். வெற்றிலைப் பெட்டி, பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம் ஆகியவற்றோடு ஒரே பெட்டியில் வந்தது வீட்டுப் படிக்கம். வட்டில்களோடும் உத்தரணியோடும் வந்தது மற்றது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இந்த வகையில் வியப்பூட்டும் ஆவணம். முதலாம் ராஜராஜன் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொடுத்த பொன், வெள்ளிப் பாத்திரங்களை அவை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பதிவுசெய்கின்றன. தளிகை, வட்டில், கெண்டி, படிக்கம், சட்டுவம், நெய்முட்டை என்று பட்டியல் நீளும். எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை கணக்கிடப்பட்டிருக்கும். பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ‘ஆடவல்லான்’ என்ற இறைவன் பெயர். வெள்ளியில் ஒரு பகுதி சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்தது என்பதையும் மறைக்கவில்லை. இந்தப் பட்டியலை வரிசையாகப் படிக்கும்போது, அரசனின் கொடைப் பெருமைக்கு அப்பால், சந்நிதியில் எந்தெந்த வேலைக்குத் தனிப் பாத்திரம் இருந்தது என்ற சித்திரம் கிடைக்கிறது. நெய்முட்டை அதில் தனியாக நிற்பதைப் பாருங்கள். நம் பாட்டிமார் காலம் வரை வீட்டில் எண்ணெய் முட்டை என்று ஒன்று இருந்தது. சிறு குழிக் கிண்ணம், அதிலிருந்து நேர் மேலாக எழும் காம்பு. காம்பு சாய்வாக இல்லாமல் ஏன் நிமிர்ந்து நிற்கிறது? கழுத்து குறுகிய எண்ணெய்ச் சாடிக்குள் இறங்க. கரண்டிக் காம்பின் கோணத்தைப் பார்த்தால் அது எந்த மாதிரிப் பாத்திரத்துக்குள் போய்வந்தது என்று சொல்லிவிடலாம். துணைப் பாத்திரம் உருக்கப்பட்டுப் போயிருந்தாலும் அதன் நிழல் கரண்டியில் இருக்கும்.

துணைகள் பிரிந்துபோவதற்கு இந்த ஊரில் காரணங்கள் உண்டு. 1688இல் முகலாயப் படையெடுப்பு அச்சத்தில் வரதராஜப் பெருமாளின் உற்சவத் திருமேனி உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. 1710இல்தான் திரும்பி வந்தது. ஆத்தான் ஜீயரின் முயற்சியும் லாலா தோடர்மாலின் படைபலமும் சேர்ந்து நடந்த அந்த மீட்சியைக் கோயிலிலேயே கல்வெட்டு சொல்கிறது. இருபத்திரண்டு வருஷம் மூர்த்தியே ஊரில் இல்லாதபோது வழிபாட்டுச் சாமான்கள் முன்பிருந்த வரிசை குலையாமல் இருந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பிற்பாடு சேர்ந்தவையோ பல கைகள் கொடுத்தவை. ராபர்ட் கிளைவ் சமர்ப்பித்ததாகக் கோயில் வழக்கு சொல்லும் மகரகண்டி என்னும் கழுத்தணியே அங்கு இருக்கிறது. இப்படிப் பல காலத்துக் கொடைகள் ஒரே அறையில் கலந்திருக்கும்போது, ஒரே மாதிரியான ஐந்து வட்டில்கள்கூட ஒரே காலத்தவை என்று சொல்ல முடியாது. விளிம்பின் கனமும் நகாசு வேலையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

ரஷ்ய வெள்ளிக்கு இருக்கும் அரசு முத்திரை நம் பழைய வெள்ளிக்கு இல்லை. இந்தியத் தர நிறுவனம் தங்கத்துக்கு ஹால்மார்க் கொண்டுவந்தது 2000இல், வெள்ளிக்கு 2005இல். அதற்கு முன் தட்டாரின் சொல்லும் உரைகல்லும்தான். ஆனால் நம்மிடம் வேறொரு முத்திரை உண்டு. பாத்திரத்தில் பேர் வெட்டும் பழக்கம். உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்தில், யார் யாருக்கு எந்தச் சடங்கில் கொடுத்தார்கள் என்று இருக்கும். கோயில் சாமானானால் ‘உபயம்’ என்ற சொல்லும் சில சமயம் எடையும் இருக்கும். காஞ்சிபுரத்தில் எழுத்து தமிழாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தறிக்கார வீடுகளில் பத்மசாலியர், தேவாங்கர் என்று தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் பல. ஆகவே தெலுங்கு எழுத்தில் பேர் வெட்டிய செம்பு இந்த ஊரிலேயே செய்ததாகவும் இருக்கலாம்.

காலத்தைக் கணிப்பதில் இந்த எழுத்துகள் ஒரு வேடிக்கை காட்டும். ஆண்டு எண்ணாக இருக்காது, ‘விளம்பி’ என்று இருக்கும். அறுபது வருஷச் சுற்றில் விளம்பி என்றால் 1898, 1958, 2018 மூன்றில் எதுவும் ஆகலாம். அங்கே எடை கைகொடுக்கும். பழைய வெள்ளியைத் தோலாவிலோ ரூபாய் எடையிலோ சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டின் வெள்ளி ரூபாய் சரியாக ஒரு தோலா, 11.66 கிராம். தராசின் ஒரு தட்டில் செம்பையும் மறு தட்டில் ரூபாய்களையும் வைத்தால் கணக்கு முடிந்தது. 1956 சட்டத்துக்குப் பிறகு படிப்படியாகக் கிராம் வந்தது. விளம்பி என்ற பேரும் கிராம் கணக்கும் சேர்ந்திருந்தால் 1898 தள்ளுபடி. ரூபாயே மூலப்பொருளாகவும் இருந்தது. காசை உருக்கிப் பாத்திரம் செய்வது சாதாரணம். அந்த ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது ஆயிரத்துக்கு சுமார் 917 வெள்ளி. சேதாரமோ கலப்போ இல்லாமல் காசிலிருந்து நேராக அடித்த செம்பு, ரஷ்யாவின் 84ஐவிடத் தரம் கூடியது.

பேர் வெட்டியிருப்பது கொடுத்தவரைச் சொல்லும். பயனைச் சொல்வது அபூர்வம். பயனுக்குத் தேய்மானத்தையும் படிவையும் படிக்க வேண்டும். வலக்கையால் பாத்திரத்தின் அடியைச் சுரண்டிப் பரிமாறிய கரண்டி, பல வருஷத்தில் நுனியின் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருக்கும். உத்தரணி அப்படித் தேயாது, அது தண்ணீரை மொள்வதோடு சரி. அது தேய்ந்தால் விரல் படும் காம்பில்தான் தேயும். வேள்வியில் நெய் விடும் சுருவத்தையும் சுருக்கையும் பெரும்பாலும் மரத்தில் செய்வார்கள், வெள்ளியிலும் உண்டு. அடுக்களையை மட்டும் தெரிந்தவருக்கு அவை குழம்புக் கரண்டியாகத் தோன்றும். நெருப்புக்கு மேல் நீண்ட நுனியில் சூடு கண்ட நிறமாற்றம் இருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதான். குங்குமச்சிமிழின் மூடி விளிம்பில் சிவப்பு, சந்தனக் கிண்ணத்தின் நகாசுக் குழிவுகளில் வெளிர் மஞ்சள், கரண்டகத்தில் சுண்ணாம்பின் வெள்ளை, விளக்காக எரிந்ததில் பிசினாக இறுகிய எண்ணெய். இவை எல்லாமே பற்றவைத்த மூட்டுகளில்தான் அதிகம் ஒளிந்திருக்கும்.

பாலாடையை எடுத்துக்கொள்வோம். கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் இந்தச் சிறு பாத்திரத்துக்கு ஒரு பக்கம் நீண்ட மூக்கு உண்டு. வெளிநாட்டவர் பார்த்தால் எண்ணெய் விளக்கு என்பார், இல்லாவிட்டால் குழம்பு ஊற்றும் பாத்திரம் என்பார். மூக்கு நுனியில் கரி இல்லை, எண்ணெய்ப் பிசின் இல்லை. நுனி குழந்தையின் உதட்டைக் கிழிக்காதபடி மழுங்க உருட்டப்பட்டிருக்கிறது. விளக்குக்கு மழுங்கிய நுனி எதற்கு? 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் குழந்தைக்குக் கஞ்சி ஊட்ட வெள்ளியில் படகு வடிவப் பாத்திரம் செய்தார்கள். அது அங்கே அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. பாலாடை போகவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் புகட்ட இந்திய மருத்துவமனைகளின் சிசு சிகிச்சைப் பிரிவுகளில் அதே வடிவம் இன்றும் பயன்படுகிறது.

ஏமாற்றுவதில் கெட்டிக்காரத்தனம் மிகுந்தவை மதராஸின் ‘சுவாமி’ வெள்ளிச் சாமான்கள். மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவற்றை வெள்ளைக்காரர்களுக்கு விற்றன. வேல்ஸ் இளவரசர் 1875–76இல் இந்தியா வந்தபோது இந்த மோஸ்தர் உச்சத்தில் இருந்தது. உடல் முழுக்கப் புடைப்பாகத் தெய்வ உருவங்கள், மண்டபத் தூண்கள், யாளிகள். பார்த்தவுடன் கை கூப்பத் தோன்றும். ஆனால் அது தேநீர்க் கெட்டில். மூக்கு உடலோடு சேரும் இடத்தில் உள்ளே சல்லடைத் துளைகள் இருக்கும், இலையைத் தடுக்க. கைப்பிடியின் இரு முனையிலும் தந்தத் துண்டு செருகியிருக்கும், சூடு ஏறாமல் இருக்க. பூசைக்குரிய கிண்டிக்கு இரண்டும் தேவையில்லை. அலங்காரத்தை நம்பாமல் சூட்டையும் திப்பியையும் கேட்டால் போதும். இந்த வேலைப்பாட்டை நான் பெரிதாக மெச்சுவதில்லை. உருவத்துக்கு உரிய வேலையும் பாத்திரத்துக்கு உரிய வேலையும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. ஆனால் அடையாளம் காணும் பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடப் பொருள் கிடைக்காது.

இத்தனை தடயங்களையும் ஒரு மணி நேரத்தில் அழிக்க வல்லது வெள்ளியின் விலை. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இந்த ஊர்ப் பட்டின் சரிகையே வெள்ளிக் கம்பிதான். தட்டையாக்கி, நூலில் சுற்றி, மேலே பொன் ஏற்றியது. கிழிந்த பழம்புடவையை வாங்குபவர் அதன் முந்தானையையும் கோர்வையையும் பார்ப்பதில்லை. சரிகையை எரித்தால் எத்தனை கிராம் தேறும் என்று மட்டும் பார்க்கிறார். பாலாடையும் படிக்கமும் போகும் இடமும் அதுவே. கடையில் பழைய வெள்ளிக்கு எடைக்குத்தான் காசு, செய்கூலி திரும்பி வராது. மகளின் கல்யாணத்துக்குப் புதுத் தட்டு வாங்கப் போகிறவர் பாட்டியின் கரண்டகத்தைப் போட்டு எடுப்பதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. குடும்பச் சொத்து அது. நூறு வருஷத்தைத் தாண்டிய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத்தான் 1972 தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. உருக்குவதைப் பற்றி வீட்டுக்காரரிடம் யாரும் கேட்பதில்லை.

கோயில் சாமான்களின் நிலை வேறு, ஓரளவு மேல். 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் 29ஆம் பிரிவில் ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு வேண்டும் என்கிறது. நகை, பொன், வெள்ளி, பாத்திர பண்டங்கள் எல்லாவற்றையும் எடையோடும் மதிப்போடும் எழுதவேண்டும். திருட்டைத் தடுக்க அது போதும். ‘வெள்ளி வட்டில் 5, எடை இவ்வளவு’ என்று எழுதிவிட்டால் தணிக்கைக்கு நிறைவு. எது அக்னி மூலை, எது ஈசான மூலை என்பது பட்டாச்சாரியாரின் கைப்பழக்கத்தில்தான் இருக்கிறது. மடப்பள்ளிப் பரிசாரகருக்கும் அப்படியே; எந்தக் கரண்டி எந்தத் தளிகைக்கு என்று அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. கேட்டால் சொல்வார்.

ஆகவே கேட்டு எழுதுவதே செய்யவேண்டிய வேலை. அதில் பெரிய ஆய்வுக் கருவி எதுவும் தேவைப்படாது. பாத்திரத்தைத் தனியே படம் எடுக்குமுன், அது வழக்கமாக இருக்கும் தட்டோடும் துணைகளோடும் இருந்த இடத்திலேயே ஒரு படம். எந்தத் திசை என்று ஒரு குறிப்பு. யார் கையால், எந்த நாளில், எதற்கு அடுத்து எடுப்பார்கள் என்பது ஒரு வரி. வெட்டிய பேரும் எடையும் எழுத்து மாறாமல் ஒரு வரி. அடிப்புறமும் உட்புறமும் தெரிய இரண்டு படங்கள், கறையோடு. விபூதி போட்டுத் துலக்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.